இட்டேரிக்குள் டிப்பர் போகலாமா?

கேள்வி: திருப்பூர் மாவட்டத்தின் தென்பகுதியிலிருந்து ஓர் ஒப்பந்ததாரர் எழுதியிருக்கிறார். வயது 44. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிடுகிறேன். இரண்டு ஜேசிபி, ஒரு ஹிட்டாச்சி, நான்கு டிப்பர், ஒரு ரோலர், இரண்டு மிக்சர் மிஷின், அப்புறம் சென்ட்ரிங் சாமான். இவ்வளவையும் பைபாஸ் ஓரத்தில் ஒரு வாடகை இடத்தில் நிறுத்திவந்தார். இடத்துக்காரர் விற்றுவிட்டார். வேறு வழியில்லாமல் அப்பாவின் தோட்டத்தில் ஒன்றரை ஏக்கரைக் கிராவல் கொட்டிச் சமன்செய்து, 40-க்கு 30 அடியில் தகரக் கொட்டகை போட்டு, ஐந்து மாதமாக அங்கே யார்டு நடத்துகிறார்.

பக்கத்துத் தோட்டம் பெரியப்பா மகனுடையது. அவர் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறார். டிப்பர் கிளப்பும் புழுதி இலையில் படிந்து புழு சாகிறது என்று திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுத்துவிட்டார். ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஏழு நாளில் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது.

நம் வாசகர் கேட்பது இது: "நான் கட்டிடம் எதுவும் கட்டவில்லை. என் பூமியில் என் வண்டியை நிறுத்துகிறேன், அதுவும் புஞ்சை பூமி. ஊராட்சியில் தீர்மானம் வாங்கினால் போதும் என்கிறார்கள். ஒரு புரோக்கர் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவலுக்கு மொத்தமாக 4 லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா? மனு போட்டுவிட்டால் அதுவரை வண்டிகளை அங்கேயே வைத்துக்கொள்ளலாம்தானே?"

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது, எதையும் மறைக்காமல் எழுதியிருப்பது. மோட்டார் லைனில் வாட்டர் வாஷ் பம்பை மாட்டியிருப்பதையும் சொல்லிவிட்டீர்கள். வக்கீலிடம் பாதியை மறைத்துவிட்டு மீதிக்கு யோசனை கேட்பவர்கள்தான் அதிகம். அதனால் நானும் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நீங்கள் நம்பிக்கொண்டிருக்கும் மூன்று விஷயங்களில் மூன்றுமே தவறு. ஆனாலும் வழி அடைபட்டுவிடவில்லை.

நிறுத்துவதும் அனுமதி கேட்கும் காரியம்தான்

"கட்டிடம் இல்லை, அதனால் அப்ரூவல் வேண்டாம்" என்பதிலிருந்து தொடங்குவோம். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 எதையெல்லாம் 'மேம்பாடு' என்று சொல்கிறது என்று பார்த்தால், கட்டுவது மட்டும் அதில் இல்லை. ஒரு நிலத்தின் உபயோகத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றுவதே மேம்பாடுதான். நேற்றுவரை மக்காச்சோளம் விளைந்த இடத்தில் இன்று கிராவல் கொட்டி டிப்பர் நிற்கிறது என்றால், ஒரு செங்கல்கூட வைக்காவிட்டாலும் உபயோகம் மாறிவிட்டது. இது போதாதென்று 1,200 சதுர அடியில் கொட்டகையும் போட்டிருக்கிறீர்கள். தகரம் என்பதால் அது கட்டிடம் இல்லை என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

'புஞ்சைதானே' என்பது அடுத்த நம்பிக்கை. நஞ்சை, புஞ்சை என்பதெல்லாம் வருவாய்த் துறை தீர்வைக்காக வைத்த வகை. நஞ்சை என்றால் மாற்றுவது இன்னும் கடினம், அவ்வளவுதான். புஞ்சையும் விவசாய நிலமே. தமிழ்நாட்டில் விவசாயி அல்லாதவரும் விவசாய நிலம் வாங்கலாம். வாங்குவதற்குத் தடை இல்லாததால், விரும்பியபடி உபயோகிக்கவும் தடை இல்லை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். வாங்கும் உரிமை ஒன்று, உபயோகிக்கும் உரிமை வேறொன்று.

மூன்றாவது, ஊராட்சித் தீர்மானம். அது ஊருக்கு ஆட்சேபம் இல்லை என்று காட்டும் காகிதம். தீர்மானம் மட்டுமே உபயோக மாற்றத்துக்கு அனுமதி ஆகிவிடாது. சில வருடங்களுக்கு முன் என் வழக்குக் கட்சிக்காரர் ஒருவர் தடிமனான ஃபைல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் ஆபீசுக்கு வந்தார். சொத்து வரி ரசீது, தொழில் வரி ரசீது, தீர்மான நகல், கமர்ஷியல் கரண்ட் பில், எல்லாவற்றையும் வருட வாரியாக அடுக்கி நூல் கட்டியிருந்தார். நீதிமன்றத்தில் கேட்டது ஒரே கேள்வி: திட்ட அனுமதி எங்கே? அந்த ஃபைலில் இல்லாத ஒரே காகிதம் அதுதான். வரி வாங்கிக்கொண்டார்கள் என்பதால் இடம் சட்டப்படி ஆகிவிடாது.

ஆனால் ஊராட்சியை ஒதுக்கிவிடவும் முடியாது. அனுமதி வந்த பிறகு கொட்டகைக்கும், வெல்டிங் மிஷின், கம்ப்ரசர் போன்றவற்றை நிறுவுவதற்கும் ஊராட்சிகள் சட்டம், 1994-இன் கீழ் அங்கேதான் உரிமம் கேட்க வேண்டும். வரிசை மாறக்கூடாது என்கிறேன்.

உங்கள் சர்வே எண் எதற்குள் வருகிறது?

எங்கள் ஊர் பிளானுக்கு வெளியே என்று புரோக்கர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் வாய்வார்த்தையை நம்பாதீர்கள். மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குப் போய், சர்வே எண்ணைக் காட்டி, முழுமைத் திட்டத்துக்குள் (மாஸ்டர் பிளான்) வருகிறதா, வந்தால் எந்த மண்டலம் என்று எழுத்தில் வாங்குங்கள். நேரில் தரத் தயங்கினால் 10 ரூபாய் கட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் வந்தாக வேண்டும். எந்த வழியில் போக வேண்டும் என்பது இந்தப் பதிலைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

முழுமைத் திட்டத்துக்குள், விவசாய மண்டலத்தில் இருந்தால் திட்டத்தையே உங்கள் நிலத்தின் அளவுக்குத் திருத்த வேண்டும். சட்டத்தின் 32-வது பிரிவு அதற்குத்தான். அரசு வரை போகும் காரியம் அது. பொது அறிவிப்பு கொடுத்து ஆட்சேபம் கேட்பார்கள். பெரியப்பா மகன் அப்போது சும்மா இருக்க மாட்டார். உங்களுக்கு அவசரம் என்றால் இந்த வழி ஒத்துவராது.

திட்டம் இல்லாத பகுதி என்றால் 47-அ பிரிவும், 2017-இல் அதற்கென வந்த நில உபயோக மாற்ற விதிகளும் பொருந்தும். ஒற்றைச் சாளர இணையதளத்தில் மனு போட வேண்டும். கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, அடங்கல், அ-பதிவேடு, புல வரைபடம், கிராம வரைபடம் எல்லாம் வேண்டும். வருவாய்த் துறை நேரில் பார்த்து அறிக்கை தரும். பிஏபி தண்ணீர் பாயும் பூமி என்று எழுதியிருக்கிறீர்கள். பரம்பிக்குளம் ஆழியாறு ஆயக்கட்டை, அதாவது பாசனப் பரப்பை, நான்கு மண்டலமாகப் பிரித்துத் தண்ணீர் விடுவது உங்களுக்குத் தெரியாததல்ல. பதிவேட்டில் புஞ்சை என்று இருந்தாலும், ஆயக்கட்டு நிலம் என்றால் நீர்வளத் துறையிடம் கருத்துக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தே மனுவைத் தயார் செய்யுங்கள்.

"மூன்று வருடமாகத் தரிசு" என்று அடங்கலில் எழுதி வாங்கிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். பழைய சாட்டிலைட் படத்தை இன்று யார் வேண்டுமானாலும் மொபைலில் எடுத்துவிடலாம். உங்கள் மக்காச்சோளம் பச்சைப் பசேலென்று நிற்கும் படத்தை உங்கள் பெரியப்பா மகன் பிரிண்ட் போட்டு மனுவோடு இணைத்தால், பொய்யான அறிக்கை என்ற ஒரே காரணத்துக்காக மொத்தமும் விழுந்துவிடும்.

பட்டா இன்னும் இறந்துபோன அப்பா பெயரிலேயே இருக்கிறது. உயில் இல்லை. அப்படியானால் அது அப்பா சம்பாதித்த பூமி என்று வைத்துக்கொண்டாலும் அம்மாவுக்கும் அக்காவுக்கும் உங்களுக்கும் சமபங்கு. வாரிசுச் சான்று, பட்டா மாற்றம், அப்புறம்தான் மனு. அம்மா, அக்கா இருவரும் மனுவில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது பதிவு செய்த அதிகாரப் பத்திரம் தர வேண்டும். அக்காவிடம் இன்னும் பேசவே இல்லை என்று ஒரு வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். அந்த வரியில்தான் எனக்குச் சந்தேகம்.

அந்தப் பன்னிரண்டு அடி

எல்லாரும் நிலத்தைப் பற்றியே பேசுகிறார்கள். உங்கள் விஷயத்தில் முடிச்சு பாதையில் இருக்கிறது. தார் ரோட்டிலிருந்து தோட்டம் வரை முக்கால் கிலோமீட்டர், 12 அடி இட்டேரி (தோட்டங்களுக்கு நடுவே போகும் வண்டித்தடம்), இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் கிளை வாய்க்கால் மேல் ஒரு சின்னப் பாலம். இது நீங்களே எழுதியது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். டிப்பரின் அகலம் சுமார் இரண்டரை மீட்டர், எட்டடிக்கு மேல். 12 அடியில் மிச்சம் நான்கடிகூட இல்லை. எதிரே ஒரு ஆட்டோ வந்தால் யாராவது ஒருவர் ரிவர்சில்தான் போக வேண்டும். பத்துச் சக்கர டிப்பர் லோடோடு 28 டன் சுமாருக்கு வரும். மாட்டு வண்டிக்கும் டிராக்டருக்கும் போட்ட பாலத்தில் அது தினமும் ஏறி இறங்குகிறது. அனுமதி தரும் அலுவலகம் முதலில் கேட்கப்போவது அணுகுபாதையின் அகலத்தைத்தான். பாலம் உடைந்தால் கடைமடைக்காரர்கள் எல்லாரும் உங்கள் வீட்டு வாசலில் நிற்பார்கள்.

அதைவிட முக்கியம், அந்த இட்டேரி யாருடையது என்பது. புல வரைபடத்தில் தனி உட்பிரிவு எண்ணோடு, அ-பதிவேட்டில் வண்டிப்பாதை புறம்போக்கு என்று இருந்தால் அது பொதுப்பாதை. அகலம் போதாது என்ற சிக்கல் இருக்கும், ஆனால் போகக்கூடாது என்று பங்காளி தடுக்க முடியாது. அப்படி இல்லாமல் பட்டா நிலத்தின் வழியாகப் போகும் தடம் என்றால் கதை வேறு. உங்கள் தாத்தா காலத்துப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். "மாமூல் தடத்தில் ஆள், மாடு, வண்டி போக வர பாத்தியம் உள்பட" என்பதுபோல ஒரு வரி இருக்கும். 1882-ஆம் வருட வசதியுரிமைச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது: ஒருவகை வழிநடை உரிமை இன்னொரு வகைக்குச் செல்லாது, அடுத்தவர் நிலத்தின் மேல் புதிதாகப் பாரம் ஏற்றும்படி உபயோகத்தை மாற்றவும் முடியாது. தோட்ட வேலைக்கு மாடும் வண்டியும் போக இருந்த பாத்தியத்தில், ஒரு நாளைக்கு 20 நடை டிப்பர் ஓட்டும் உரிமை அடங்கியிருக்கிறது என்று நான் வாதாடத் தயங்குவேன். அவர் சிவில் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கினால், டிடிசிபி அனுமதி கையில் இருந்தும் வண்டி வெளியே வர முடியாது.

மல்பெரி விஷயத்திலும் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தூசி படிந்த இலையைப் புழு சரியாகத் தின்னாது, தின்றாலும் நோய் வரலாம். பட்டு வளர்ப்பவர்கள் ரோட்டோர மல்பெரியை ஒதுக்குவது இதனால்தான். "பொறாமையில் மனு போட்டான்" என்று எழுதியிருக்கிறீர்கள் தம்பி. இருக்கலாம். ஆனால் பொறாமைக்காரர் கையிலும் உண்மையான குறை இருக்கலாம் என்பதை அதிகாரி பார்ப்பார்.

கரண்ட், டீசல், கழிவு ஆயில்

இதில் உடனே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இலவச விவசாய மின் இணைப்பிலிருந்து வாட்டர் வாஷ் பம்பையும் வெல்டிங்கையும் இன்றே கழற்றுங்கள். விவசாயத்துக்குத் தந்த மின்சாரத்தை வேறு வேலைக்கு எடுப்பதற்கு மின்சாரச் சட்டம், 2003-இன் 126-வது பிரிவில் உரிய கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கு போடலாம். எத்தனை நாளாக என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்குக் கணக்கிடுவார்கள். 135-வது பிரிவில் திருட்டு வழக்காகப் போகவும் இடம் இருக்கிறது. நிலப் பிரச்சினை இழுத்துக்கொண்டே போகலாம், இந்த வழக்கு ஒரே நாள் சோதனையில் வந்துவிடும்.

டீசலில் நீங்கள் பயப்படத் தேவையில்லை. 200 லிட்டர் பேரல் மூன்று என்பது 600 லிட்டர். ஓரிடத்தில் 2,500 லிட்டருக்கு மேல் போகாமலும், எந்தக் கொள்கலனும் 1,000 லிட்டரைத் தாண்டாமலும் இருந்தால் பெட்ரோலியச் சட்டத்தில் உரிமம் வேண்டியதில்லை. நீங்கள் யோசிக்கும் 5,000 லிட்டர் டேங்க் வைத்தால் உரிமம் வேண்டும்.

கழிந்த இன்ஜின் ஆயிலும் ஹைட்ராலிக் ஆயிலும் 2016-ஆம் வருட விதிகளின்படி அபாயகரக் கழிவு. அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். கிணற்றுக்கு 60 அடியில் வண்டி கழுவுவதாக எழுதியிருக்கிறீர்கள். கழுவுவதும் சர்வீஸ் பார்ப்பதும் தொடர்ந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு இல்லாமல் முடியாது. சர்வீசை டவுனில் வைத்துக்கொண்டால் ஒரு துறை குறையும். ஜல்லி, எம்-சாண்ட் குவித்து விற்கும் எண்ணம் இருந்தால் கனிம இருப்புக்குத் தனிப் பதிவு வேண்டும். இப்போதைக்கு அதைத் தொடாதீர்கள்.

விடியற்காலை நாலரைக்கு வண்டி எடுக்கிறீர்கள். ஒலி மாசு விதிகளில் இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை இரவுக் கணக்கு, குடியிருப்புப் பகுதியில் அளவு 45 டெசிபல். ரிவர்ஸ் ஹாரன் ஒன்றே அதைத் தாண்டிவிடும்.

கடிதத்துக்குப் பதில்

ஏழு நாளைக் கடக்க விடாதீர்கள். "என் பூமி, என் வண்டி" என்று எழுத வேண்டாம். உபயோக மாற்றத்துக்கு மனு செய்யப் போகிறேன், அதற்காக இன்னின்ன ஆவணங்களுக்கு விண்ணப்பித்திருக்கிறேன், புதிதாக எதுவும் கட்ட மாட்டேன், கனரக வண்டிகளை இன்ன தேதிக்குள் அப்புறப்படுத்துகிறேன் என்று நாலு வரி போதும். ஒப்புகை வாங்கி வையுங்கள்.

மனு போட்டுவிட்டால் யாரும் கை வைக்க முடியாது என்பது பாதி உண்மை. திட்ட அலுவலகம் 56-வது பிரிவில் அகற்றச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தால், அதில் சொன்ன காலத்துக்குள் 49-வது பிரிவில் அனுமதி கேட்டு மனு போடலாம். மனு முடிவாகும்வரை கொட்டகைக்கும் இருக்கும் உபயோகத்துக்கும் ஓரளவு பாதுகாப்பு உண்டு. ஆனால் நடக்கும் வேலையை நிறுத்தச் சொல்லி 57-இல் உத்தரவு வந்தால் நிறுத்தத்தான் வேண்டும். மனு தள்ளுபடியானால் மேல்முறையீடு இருக்கிறது. இவ்வளவு பாதுகாப்பு இருந்தும் வண்டிகளை வெளியே எடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆய்வுக்கு வரும் அதிகாரி, அனுமதி கேட்கும் இடத்தில் ஏற்கெனவே எட்டு வண்டி நிற்பதைப் பார்த்துவிட்டு எழுதும் அறிக்கைக்கும், காலி இடத்தைப் பார்த்து எழுதும் அறிக்கைக்கும் வித்தியாசம் உண்டு.

4 லட்சம்? கொடுக்காதீர்கள். அரசுக்கான கட்டணம் இணையதளத்தில் உங்கள் பெயரிலேயே கட்டப்படும், ரசீது வரும். வரைபடம் போடப் பதிவு பெற்ற இன்ஜினியருக்கும் சர்வேயருக்கும் கூலி கொடுப்பது நியாயம். மொத்தமாக, ரொக்கமாக, எதற்கென்று சொல்லாமல் கேட்கும் பணம் எங்கே போகிறது என்று உங்களுக்கே தெரியும். காரியம் நடக்காவிட்டால் அதைத் திருப்பிக் கேட்க உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது.

என் அபிப்பிராயம்: முழுமைத் திட்டத்தின் விவசாய மண்டலம் என்று பதில் வந்தால் இந்த எண்ணத்தை விட்டுவிட்டு மெயின் ரோட்டில் வாடகைக்கு இடம் பாருங்கள். கிராவலுக்கும் கொட்டகைக்கும் செலவழித்தது போனது போகட்டும். திட்டமில்லாப் பகுதியாகவும் பாதை புறம்போக்காகவும் இருந்தால் மனு போடுவது வீண்போகாது. சென்ட்ரிங் சாமானும் மிக்சரும் மட்டும் அங்கே, வண்டிகள் வெளியே என்று ஒரு நடுவழி உண்டு. அதற்கும் அனுமதி வேண்டும், ஆனால் பாலத்துக்கும் மல்பெரிக்கும் தொந்தரவு குறைவு என்பதால் ஆட்சேபமும் குறையும். உபயோகத்தை மாற்றுமுன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நகரத்திலிருந்து தள்ளியிருக்கும் விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. யார்டு ஆன பிறகு அந்தச் சலுகை நிலைக்காது, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

நாளைக் காலையில் தாலுகா ஆபீசில் புல வரைபடத்துக்கு எழுதிக்கொடுங்கள். பாதைக்குத் தனி எண் இருந்தால் எனக்கு எழுதுங்கள், அடுத்ததைப் பேசுவோம். இல்லை, தடம் பெரியப்பா பட்டாவில்தான் போகிறது என்றால், ஒன்றியத்துக்குப் பதில் எழுதும் முன்பே அவர் வீட்டுக்கு ஒருமுறை போய்வாருங்கள். போகும்போது அம்மாவையும் அழைத்துக்கொண்டு போங்கள்.